சுமப்பது தண்ணீர்

யெலோநைஃப் நகரத்திலிருந்து டெட்டா கிராமத்துக்கு இரண்டு வழி. விரிகுடாவைச் சுற்றித் தரைவழியே போனால் 27 கிலோமீற்றர். ஏரி உறைந்தபின் குறுக்கே போனால் ஆறரை. கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதி அரசு அந்தக் குறுக்கு வழியையும் ஒரு நெடுஞ்சாலையாகவே நடத்துகிறது. கரையில் எடைப் பலகை நிற்கிறது, வெண்பனியை ஒதுக்க வண்டி வருகிறது. டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ திறப்பு, ஏப்ரலில் மூடல். டெட்டா, யெலோநைவ்ஸ் டெனே பழங்குடி மக்களின் ஊர். மளிகைச் சாமானுக்கும் வேலைக்கும் பிள்ளைகளின் ஹொக்கி ஆட்டத்துக்கும் அவர்கள் ஏரிமேல் போய்வருகிறார்கள். காரில், பிக்கப்பில், சில வேளை சைக்கிளிலும்.

நான் வந்த விமானத்தில் பாதிப்பேர் துருவ ஒளியைக் காண வந்தவர்கள். இரவெல்லாம் வானத்தைப் பார்த்துவிட்டுப் பகலில் விடுதியில் தூங்குவார்கள். எனக்குப் பகலில்தான் வேலை இருந்தது. மனைவியின் தம்பி ரொறன்ரோவை விட்டு இங்கே வந்து லொறி மெக்கானிக்காக இருக்கிறான். "அத்தான், ஒருக்கா வந்து ஐஸ் றோட்டைப் பாருங்கோ" என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வந்து இறங்கிய காலையில் வெப்பம் சுழியத்துக்குக் கீழே 31. ஊரிலுள்ள எல்லா வாகனங்களின் முகத்திலிருந்தும் ஒரு மின்கம்பி தொங்குகிறது. இரவில் அதைச் சுவரில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்திருக்காவிட்டால் காலையில் வண்டி உயிர் பெறாது. புறப்பட்ட முதல் சில நிமிடங்கள் பிக்கப் தடதடவென்று குதித்தது. இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்றதில் டயர்களின் அடிப்பக்கம் தட்டையாக உறைந்துவிட்டதாம். சூடேறியபின் தானே உருண்டையானது.

ஏரிக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சிறு சரிவு, அவ்வளவுதான். பனி உடைந்தால் சட்டென்று வெளியேற இருக்கை பெல்ட்டைக் கழற்றிவைப்பார்களே, தம்பி கழற்றவில்லை. "இது கவண்மேந்து றோட்டு. அளந்துதான் விட்டிருக்கிறாங்கள்." அளப்பவர்கள் ரேடார் கருவியைப் பனியின்மேல் இழுத்துச் சென்று கனத்தைப் பார்க்கிறார்கள், இடையிடையே துளையிட்டும் சரிபார்க்கிறார்கள். சாலை திறக்கும்போது பலகையில் பெரும்பாலும் 5,000 கிலோ என்றிருக்கும். குளிர் முற்ற முற்ற அந்த எண் ஏறும்.

காற்று கூட்டிவிட்ட இடங்களில் பனிப்பாளம் கறுப்பாக இருந்தது. வெடிப்புகள் அதற்குள் வெள்ளையாக இறங்குவது தெரிந்தது. அவை எவ்வளவு ஆழம் போகின்றன என்று பார்த்துக் கனத்தை ஊகிக்கலாம். இரண்டு முழமாவது இருக்கும். நிறுத்தி இறங்கி நின்றபோது எங்கோ தொலைவில் 'டும்' என்று ஒரு சத்தம் எழுந்து எங்கள் காலடியால் ஓடிக் கரைப்பக்கம் போனது. என் முகத்தைப் பார்த்துத் தம்பி சிரித்தான். கடுங்குளிரில் பனி சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். உலர்ந்த வெடிப்பென்றால் கவலையில்லை. வெடிப்பில் ஈரம் கசிந்தால், பாளம் அடிவரை பிளந்திருக்கிறது என்று பொருள். அப்போதுதான் யோசிக்க வேண்டும். சத்தத்தைவிட ஈரம்தான் செய்தி.

கிரேட் ஸ்லேவ் ஏரி வட அமெரிக்காவின் மிக ஆழமான ஏரி, 614 மீற்றர். டெட்டா விரிகுடா அவ்வளவு ஆழமில்லை. இருந்தும் அந்த எண் மனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று தொன் வண்டியை ஏதோ ஒரு பலகை தாங்குகிறது என்றே உடம்பு நினைக்கிறது. கரைக்குக் கரை ஆறரைக் கிலோமீற்றர் நீளமுள்ள, இடையில் தூணில்லாத எந்தப் பலகையும் தன் எடையையே தாங்காது. பனிப்பாளம் மிதக்கிறது. வண்டி ஏறியதும் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு குழிந்து கீழேயுள்ள தண்ணீரை விலக்குகிறது. விலகிய தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. கப்பலைத் தாங்கும் அதே விசைதான் பிக்கப்பையும் தாங்குகிறது. உடையாமல் வளைந்து, சுமையைப் பெரிய வட்டத்துக்குப் பரப்புவதுதான் பனியின் வேலை. சுமப்பது தண்ணீர்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த லோர்ன் கோல்ட், எந்தக் கனத்துப் பனியில் எவ்வளவு எடை கடந்தது, எது உடைத்துக்கொண்டு விழுந்தது என்ற பதிவுகளை ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார். வடக்கில் வேலை செய்கிற பலருக்கும் அவருடைய சூத்திரம் மனப்பாடம். பனியின் கனத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மறுபடி நான்கால் பெருக்கினால் தாங்கும் கிலோ வரும். 10 சென்ரிமீற்றர் 400 கிலோ தாங்கும், 20 சென்ரிமீற்றர் 1,600, 30 சென்ரிமீற்றர் 3,600, ஒரு மீற்றர் 40,000. கனம் இரட்டித்தால் தாங்குதிறன் நான்கு மடங்காகிறது. கீழே வரும்போதும் அதே கணக்கு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். கனம் பாதியானால் தாங்குதிறன் கால்வாசியாகிவிடும். நான்கு என்ற எண்ணும் ஓர் எச்சரிக்கை எண்தான். நாள்தோறும் அளந்து காவல் காக்கும் இடங்களில் அதைக் கூட்டிக்கொள்கிறார்கள். நடப்பதற்கே 15 சென்ரிமீற்றர் வேண்டும் என்கிறது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம். மின்னசோட்டா மாநில இயற்கைவளத் துறைக்கு நாலு அங்குலம், அதாவது 10 சென்ரிமீற்றர் போதும். எல்லைக்கு அந்தப்பக்கம் பனி வேறு பொருளாகிவிடுவதில்லை. எவ்வளவு பழியை ஏற்கத் தயார் என்பதில்தான் வேறுபாடு என்று எனக்குப் படுகிறது.

தண்ணீர் சுமக்கிறது என்று புரிந்தால் வேகக் கட்டுப்பாடும் புரிந்துவிடும். வண்டியின் கீழ் குழிந்த பனி வண்டியோடு நகர்கிறது. கீழே தண்ணீரில் ஓர் அலை கூடவே ஓடுகிறது. ஆழம் குறைந்த நீரில் அலைக்கென்று ஒரு வேகம் உண்டு. ஐந்து மீற்றர் ஆழத்தில் அது நொடிக்கு 7 மீற்றர், மணிக்கு 25 கிலோமீற்றர். வண்டியும் அதே வேகத்தில் போனால் அலை விலகிப்போக வழியின்றி வண்டியின் கீழேயே திரண்டு உயரும். நின்ற வண்டியைத் தாங்கிய பனி ஓடும் வண்டிக்கு உடைந்துவிடும். கரையை நெருங்கும்போது இன்னும் மோசம். அலை கரையில் மோதித் திரும்பிவந்து எதிர்ப்படும். அதனால்தான் கரைக்குப் பக்கத்தில் மெதுவாக, முடிந்தால் சாய்வாகப் போகச் சொல்கிறார்கள்.

1941 குளிர்காலத்தில் முற்றுகையிலிருந்த லெனின்கிராட்டுக்கு லடோகா ஏரிமேல் லொறிகளில் மாவு கொண்டுபோனபோது இது உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. அந்நகரத்து இயற்பியலாளர் நவும் ரெய்னோவும் கூட்டாளிகளும் பனியின் அசைவைத் தானாகப் பதியும் கருவிகளை ஏரியில் வைத்து, எந்த வேகத்தில் ஆபத்து கூடுகிறது என்று குண்டுவீச்சுக்கு நடுவே அளந்தார்கள். அமைதிக் காலத்தில் அதே அறிவு எஸ்தோனியாவில் போக்குவரத்து விதியாக இருக்கிறது. அந்நாட்டுக் கடல் உறைந்து ஹியுமா தீவுக்குச் சாலை திறக்கும் ஆண்டுகளில் மணிக்கு 25 கிலோமீற்றருக்குக் கீழே போகலாம், 40க்கும் 70க்கும் இடையில் போகலாம். நடுவிலுள்ள வேகம் கூடாது. நிறுத்தக் கூடாது, முன்வண்டிக்கு 250 மீற்றர் இடைவெளி வேண்டும், பெல்ட் போடவே கூடாது. வேறெந்தச் சாலையில் ஓட்டுநரிடம் இப்படிக் கேட்பார்கள்!

டெட்டா சாலையில் இதையெல்லாம் பிறர் நமக்காகக் கணக்குப் பார்த்துவிட்டார்கள். கணக்குப் பார்க்க யாருமில்லாத சிறு குளங்களில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன். அதற்கு வாய்ப்பாக அமைந்தது விறகு. நகரத்துக்குக் கிழக்கே ஓடும் இங்க்ரஹாம் டிரெயில் சாலையை ஒட்டி எண்ணற்ற ஏரிகளும் குளங்களும். தம்பியோடு வேலைசெய்யும் பெரியவர் ஒருவர், டெட்டாவில் பிறந்தவர், ஒரு குளத்துக்கு அப்பால் பட்டுப்போன மரங்களைப் பார்த்து வைத்திருந்தார். பிக்கப்பைக் குளத்தின்மேல் ஓட்டிப்போக முடியுமா என்று பார்க்க வேண்டும். வெண்பனிமேல் ஓடும் ஸ்கீடூ வண்டி ஒன்று, ஒரு நாலுசக்கரக் குவாட், ஐஸ் துளைக்கும் இயந்திரம், நுனியில் உளி வைத்த நீண்ட இரும்புக் கம்பி. ஊரில் அலவாங்கு என்போமே, ஏறக்குறைய அதேதான்.

முதலில் ஓர் ஏரியைக் கடக்க வேண்டியிருந்தது. பெரியவர் ஸ்கீடூவை முடுக்கவில்லை. கரையிலேயே நின்று நெடுநேரம் பார்த்தார். எங்கே ஓடை உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது, எங்கே கரைகள் நெருங்கி இடுக்காகின்றன. ஓடும் நீர் பனியைக் கீழிருந்து தின்னும். மேலே நின்றால் எதுவும் தெரியாது. பனியைத் துளைத்துக்கொண்டு நிற்கும் பாறையின் ஓரங்களையும் ஒதுக்கினார், வெயிலில் கறுப்புப் பாறை சூடாகி அருகிலுள்ள பனியைத் தளர்த்துமாம். வெண்பனி குவிந்த இடத்தைக் காட்டித் தலையசைத்தார். நான் அதைத்தான் பத்திரமான இடம் என்று எண்ணியிருந்தேன். வெண்பனி ஒரு போர்வை. அதன்கீழ் ஏரிக்குக் குளிர் போய்ச் சேராது, பாளம் தடிக்காது. சாலைக்காரர்கள் வெண்பனியை ஒதுக்குவதற்கு வண்டி சறுக்கும் என்பது மட்டும் காரணமில்லை. ஒதுக்கினால்தான் பனி கீழே வளரும்.

பிறகு கம்பியோடு நடந்தார். ஒவ்வோர் எட்டுக்கும் முன்னால் ஓங்கி ஒரு குத்து. கெட்டிப் பனியில் கம்பி 'ணங்' என்று திரும்பி வருகிறது. நாங்கள் அவர் தடத்திலேயே, இடைவெளி விட்டு நடந்தோம். சில இடங்களில் இயந்திரம் துளையிட்டது. துளையிலிருந்து வந்த தூளைக் கையிலெடுத்துப் பார்த்தார். 40 சென்ரிமீற்றர். சூத்திரப்படி 6,400 கிலோ, பிக்கப் தாராளமாகப் போகும் என்றேன். அவர் துளையின் பக்கச் சுவரைக் காட்டினார். மேல்பாதி பால்வெள்ளை, கீழ்ப்பாதி நீலம். வெண்பனியின் பாரத்தில் பாளம் அமிழும்போது வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வெண்பனியோடு கலந்து உறைந்தது அந்த வெள்ளை. உள்ளே காற்றுக் குமிழிகள். அதன் கனத்தில் பாதியைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கின்றன வழிகாட்டி நூல்கள். ஆக 40 இப்போது 30 ஆகிறது, 6,400 கிலோ 3,600 ஆகிறது. எங்கள் பிக்கப் ஆட்களோடும் விறகோடும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு சுமையில் ஏற்றுவதை இரண்டு சுமையாக்கினால் சரி என்று முடிவாயிற்று.

அந்த மேலேறிய தண்ணீர் எப்போதும் உறைந்துவிடுவதுமில்லை. வெண்பனிக்கு அடியில் கூழாகக் கிடக்கும்; கண்ணுக்குத் தெரியாது. ஏரியின் நடுவில் ஸ்கீடூ அதில் இறங்கி ஒரு முனகலோடு நின்றது. அடியில் பாளம் கெட்டியாகத்தான் இருந்தது, மூழ்கும் ஆபத்தில்லை. ஆனால் கூழ் பட்டைச் சங்கிலியில் அப்பி, வெளிக்காற்று பட்டதும் கல்லாகிவிடுகிறது. மூவருமாகத் தூக்கிப் புரட்டிச் சுரண்டி எடுப்பதற்குள் என் பூட்ஸின் அடியில் இரண்டு அங்குலப் பனி ஒட்டிக்கொண்டது. வடக்கே ஆட்களை வருத்துவதில் பாதி இந்தக் கூழ்தான் என்றார் பெரியவர்.

கடைசியாக அந்த விறகுக் குளம். நீர்நாய் போன்ற பீவர்கள் ஓடையை மறித்து அணைகட்டி உண்டாக்கியது. நடுவில் குச்சிகளாலான அவற்றின் வீடு ஒரு மேடாக நின்றது. பீவர்கள் குளிர்காலம் முழுக்கப் பனிக்குக் கீழே நீந்தி வீட்டுக்கும் தீவனக் குவியலுக்கும் போய்வருவதால் அந்தத் தடத்தில் பனி தடிக்காது. அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று தூரத்தில் ஒரு கோடு காட்டினார். கோட்டுக்கு இப்பால் துளையிட்டோம். 45 சென்ரிமீற்றர்; அதில் பெரும்பகுதி நீலம். ஏரியில் கிடைத்ததைவிட நல்ல பனி. குவாட்டைக் கொண்டுவரத் தம்பி திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான்.

பெரியவர் துளைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். துளை கீழே கறுப்பாக இருந்தது. தண்ணீர் மேலே வரவில்லை.

மிதக்கும் பனியில் துளையிட்டால் தண்ணீர் ஏறக்குறைய விளிம்புவரை வந்து நிற்கும். பனியின் அடர்த்தி தண்ணீருடையதில் பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவு. எனவே 45 சென்ரிமீற்றர் பாளத்தில் விளிம்புக்குக் கீழே நாலு விரற்கடைக்குள் தண்ணீர் தெரிய வேண்டும். இங்கே கம்பியை விட்டுப் பார்த்தால் பாளத்துக்கு அடியில் வெற்றிடம். அதற்கும் கீழேதான் தண்ணீர். அணை எங்கோ கசிந்து குளத்தின் மட்டம் இறங்கிவிட்டது. பனி கரைகளைப் பிடித்தபடி அந்தரத்தில் தொங்குகிறது. கோல்டின் சூத்திரம் 8,100 கிலோ என்கிறது. அந்தச் சூத்திரம் நம்பியிருந்த தண்ணீர் கீழே இல்லை. "குவாட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் தம் பழைய காலடிகளிலேயே கரைக்கு நடந்தார். விறகு அந்தக் கரையிலேயே நின்றது. வழியில் சாலையோரம் வேறு மரங்களைப் பார்த்துக்கொண்டோம், அவ்வளவு நல்ல விறகில்லை.

திரும்பும்போது ஏரிமேல் பிக்கப்பை ஓட்டினோம். இம்முறை "பெல்ட்டைக் கழட்டுங்கோ, கண்ணாடியை இறக்குங்கோ" என்றான் தம்பி. சுழியத்துக்குக் கீழே 28இல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போவது என்னவென்று எழுதிக் காட்ட முடியாது. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த நீரில் உடல் என்ன ஆகும் என்பதைத் தானே மீண்டும் மீண்டும் குதித்துப் பார்த்து ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஒரு மணி நேரம். குளிரே கொன்றுவிடும் என்று பதறுகிறவர்கள்தான் முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். பெரியவரின் கழுத்தில் இரண்டு மரக்கைப்பிடிகள் ஒரு கயிற்றில் தொங்கின, நுனியில் ஆணி. விழுந்தால் வந்த திசையிலேயே திரும்பி, அவற்றைப் பனியில் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. உருண்டு போக வேண்டும்.

இங்க்ரஹாம் டிரெயில் முடியும் இடம் டிபிட் ஏரி. அங்கிருந்து வடக்கே வைரச் சுரங்கங்களுக்குப் போகும் குளிர்காலச் சாலை 1982 முதல் இயங்குகிறது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் உறைந்த ஏரிகள். எண்ணெய், சிமெந்து, வெடிமருந்து, டயர் என்று சுரங்கங்களுக்கு ஓர் ஆண்டுக்கு வேண்டியதை எட்டுப் பத்து வாரங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 2006இல் குளிர் ஏமாற்றிவிட்டது. பனி போதிய கனமாகாமல் சாலையை முன்கூட்டியே மூடினார்கள், மிச்சச் சரக்கை விமானத்தில் ஏற்றினார்கள். அந்தச் செலவை நினைத்து இன்றும் முகம் சுளிக்கிறார்கள். 2007இல் இதே சாலையில் எடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓட்டுநர்களை உலகப் புகழாக்கியது. தொடரில் நிமிடத்துக்கு ஒருமுறை பனி வெடிக்கும். உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி சலிப்பு. பாரம் ஏற்றிய லொறி மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. 400 கிலோமீற்றரை அந்த வேகத்தால் வகுத்துப் பாருங்கள்.

நகரத்தில் காலையுணவுக் கடையொன்றில் தம்பி என்னை ஓர் ஓட்டுநருக்கு அறிமுகப்படுத்தினான். பல குளிர்காலங்கள் அந்தச் சாலையில் ஓட்டியவர். அன்றிரவும் புறப்படவிருந்தார். ஏரிமேல் அத்தனை மணி நேரம் போகிறீர்களே, பயமில்லையா என்று எல்லோரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். முட்டையை வெட்டிக்கொண்டே, ஏரியில் பயமில்லை என்றார். அங்கே யாரோ நேற்று அளந்திருக்கிறார்கள், இன்றும் அளப்பார்கள், கீழே தண்ணீர் இருக்கிறது. ஏரியைவிட்டு அடுத்த ஏரிக்குத் தரைமேல் ஏறும் துண்டுகள் இருக்கின்றனவே, அறுபதுக்கும் மேல், அவைதான் பிடிக்காது. கரையை அடையும் இடத்தில் அலை திரும்பிவரும் என்று நத்தைபோல் போக வேண்டும். கரை தொட்டதும் எதிரே மேடு. நாற்பது தொன்னை இழுத்துக்கொண்டு வேகமில்லாமல் வழுக்கும் மேட்டில் எப்படி ஏறுவது? பாதியில் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் ஏரிமேல் நிற்க வேண்டியதாகிவிடும், ஏரிமேல் நீண்ட நேரம் நிற்கக் கூடாது. போன வாரம் அப்படி ஒருவன் மேட்டில் மாட்டிக்கொண்டான் என்று சொல்லி, அவனுக்குச் சங்கிலி கட்டவே தெரியாது என்று தொடங்கி, தம்பியும் அவருமாகச் சங்கிலி கட்டுவதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.